சாவு வீட்டில் அழாதவருக்குப் பாசம் இல்லையா?

வியாசர்பாடியில் பிறந்து பெரம்பூரில் வாழ்க்கைப்பட்ட ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "மாமனார் இறந்தபோது நான் வாய்விட்டு அழுதேன். அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்று நாத்தனார் அடக்கினார். என் கணவர் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. அவருக்குப் பாசமே இல்லையா? ஏழு வயது மகனை அன்று உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது சரியா?"

சகோதரி, துக்கம் எல்லோருக்கும் வருகிறது. ஆனால் அதை எப்படி வெளிக்காட்டுவது என்பதைச் சிறு வயதிலேயே வீட்டுப் பெரியவர்களைப் பார்த்துப் பழகிக்கொள்கிறோம். பழகியதே நினைவில் இல்லாததால், நம் வீட்டு வழக்கத்தை அளவுகோலாக வைத்து அடுத்தவரின் பாசத்தை எடைபோடுகிறோம்.

நீங்கள் வளர்ந்த பகுதியில் ஒரு சாவு விழுந்தால் தெருவை அடைத்துச் சாமியானா போடுவார்கள். ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். பல வீடுகளில் விடிய விடிய மரண கானாவும் நடக்கும். பாடுகிறவர் இறந்தவரின் பெயரோடு பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயர்களையும் கேட்டு வாங்கிப் பாட்டுக்குள் சேர்த்துவிடுவார். அதுவரை இறுகி நின்ற மகன், தன் பெயர் வரும் இடத்தில் உடைந்து அழுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சுடுகாடும் அங்கே ஒளித்து வைக்கப்பட்ட இடமல்ல. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு 1939இல் உயிரிழந்த நடராசன், தாளமுத்து இருவரின் நினைவிடம் மூலக்கொத்தளம் சுடுகாட்டில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் மாலை போடக் கூட்டம் அங்கே போகிறது.

உங்கள் கணவரின் வீட்டில் கற்றுக்கொடுத்த பாடம் வேறு. அதிலும் கொள்ளி வைக்கவேண்டிய மகனுக்கு அன்று அழ ஏது நேரம்? ஐஸ் பெட்டிக்குச் சொல்வது, மருத்துவரிடம் சான்று வாங்குவது, சுடுகாட்டில் நேரம் கேட்பது, வருகிறவர்களுக்குத் தகவல் சொல்வது என்று அத்தனையும் அவர் தலையில் விழுந்திருக்கும். துக்கத்தில் இருப்பவர் இழப்பை நினைத்து உருகுவதற்கும் நடக்கவேண்டிய காரியங்களைக் கவனிப்பதற்கும் இடையே மாறி மாறிப் போய்வருகிறார் என்று ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் விளக்கினார்கள். அப்படிப் பார்த்தால் ஓடியாடி வேலை பார்த்தவரும் துக்கம் காத்தவர்தான். இப்போது, யாரும் இல்லாத நேரத்தில், அவருடைய அப்பாவைப் பற்றி நீங்களாகப் பேச்சைத் தொடங்கிப் பாருங்கள்.

அதற்காக, வழக்கம் என்று வந்துவிட்டால் எல்லாமே சரி என்று நான் சொல்லமாட்டேன். ராயபுரத்தில் ஒரே தெருவில், கத்தோலிக்க வீட்டு மகள் காசிமேடு கல்லறை வரை போய்க் குழியில் ஒரு பிடி மண் போடுகிறாள். பக்கத்து இந்து வீட்டு மகளைப் பெரும்பாலும் தெருமுனையோடு திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அப்பாவின் முகத்தைக் கடைசிவரை பார்க்கவேண்டும் என்று அவள் கேட்டால் மறுப்பதற்கு வழக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. உங்களை அடக்கிய நாத்தனாரும் ஒருவேளை அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட மகளாக இருக்கலாம்.

மகனைப் பொறுத்தவரை, அனுப்பியவர்களின் நோக்கம் நல்லதுதான், ஆனால் முறை சரியில்லை. இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து முதல் ஏழு வயதுக்குள் புரிந்துவிடுகிறது. தாத்தா தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்தால், குழந்தை தூங்கப் பயப்படும், அல்லது வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். தாத்தா இறந்துவிட்டார், அவர் உடம்பு இனி இயங்காது, அவருக்கு வலியும் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். முதல் வருடத் திதி வரும்போது என்னென்ன நடக்கும், பெரியவர்கள் அழக்கூடும் என்பதை முன்கூட்டியே விளக்கி, இருக்க விருப்பமா என்று கேளுங்கள். விருப்பம் என்றால் படத்துக்குப் பூப்போடும் வேலையை அவனிடம் கொடுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.