முதலில் காற்றை அளக்க வேண்டும்

(கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்காக ஒரு மாசி மாத மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம் பிள்ளைகளே, ஆசிரியர்களே, கூட வந்திருக்கும் அம்மா அப்பாமாரே.

தொண்ணூறுகளில் வன்னியில் வளர்ந்த எங்களுக்கு மின்சாரம் கிடையாது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில்தான் படித்தோம். எண்ணெயை மிச்சம் பிடிக்க அம்மா எட்டு மணிக்கே அதை அணைத்துவிடுவார். பிறகு முற்றத்தில் பாயைப் போட்டுப் படுத்தால் முழு வானமும் எங்களுக்குத்தான். அப்பப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு, "வெள்ளி வலுவா மினுங்குது, மேல காத்து குழம்பிப் போய்க் கிடக்கு" என்பார். நட்சத்திரத்தை அவர் வெள்ளி என்றுதான் சொல்வார். வெள்ளியைப் பார்த்துக் காற்றைப் பற்றிச் சொன்னார். உலகின் மிகப் பெரிய தொலைகாட்டிகளுக்குப் பக்கத்தில் இரவிரவாக நடப்பதும் அதே வேலைதான். அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

சித்திரை மாத நடுப்பகலில் ஏ9 வீதியில், மாங்குளம் பக்கம் நின்று பாருங்கள். தூரத்தில் வரும் பஸ் தண்ணீருக்குள் நிற்பதுபோல நெளியும். தார் சூடாக்கிய காற்றும் அதற்கு மேலுள்ள காற்றும் ஒளியை ஒரே மாதிரி முறிப்பதில்லை. ஒரு பாகை செல்சியஸ் வித்தியாசம் வந்தால் காற்றின் முறிவுச் சுட்டி, அதாவது அது ஒளியை எவ்வளவு முறிக்கும் என்ற அளவு, ஏறக்குறைய பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மாறும். கேட்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு மீற்றர் தடிப்பான காற்றுக்குள் அந்த வித்தியாசம் இருந்தாலே, பச்சை ஒளியின் ஒரு பகுதி மற்றப் பகுதியைவிட இரண்டு அலைநீளம் அளவுக்குப் பிந்திவிடும். வெள்ளியின் ஒளியோ பல கிலோமீற்றர் காற்றைக் கடந்து வருகிறது.

நியூட்டன் 1704 இல் வந்த தன் ஒளியியல் நூலில் இதை எழுதியிருக்கிறார். நாங்கள் பார்க்கும் காற்று ஓயாமல் நடுங்குகிறது, உயர்ந்த மலையுச்சிகளில் ஒருவேளை அமைதியான காற்று கிடைக்கலாம் என்றார். சரி, வானியலாளர்கள் சிலியில் 2600 மீற்றருக்கு மேலுள்ள பரனால் மலைக்கும் போனார்கள். அங்கேயும் தீரவில்லை. அங்குள்ள தொலைகாட்டியின் 8.2 மீற்றர் அகல ஆடி நிறைய ஒளியைச் சேர்க்கும், அது உண்மை. ஆனால் காற்றைத் திருத்தாவிட்டால் அதன் படத்தின் கூர்மை ஒரு சாண் அகலத் தொலைகாட்டியின் கூர்மையைத் தாண்டாது. இதை முதலில் படித்தபோது எனக்கு மனம் பாரமாகிவிட்டது.

1953 இல் ஹொரேஸ் பாப்கொக் என்ற அமெரிக்க வானியலாளர் ஒரு வழி சொன்னார். காற்று ஒளியை எப்படி நெளிக்கிறதோ அதற்கு நேர் எதிராக ஒரு ஆடியை நெளிக்கலாம் என்றார். அதைச் செய்து காட்ட 1989 வரை, பிரான்சில் நடந்த பரிசோதனை வரை, வானியலாளர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று பரனாலில் ஒரு தொலைகாட்டியின் இரண்டாவது ஆடி இரண்டு மில்லிமீற்றர் தடிப்புத்தான். அதன் முதுகுப்புறம் 1170 இடங்களில் தள்ளியும் இழுத்தும், செக்கனுக்கு ஆயிரம் தடவை அளவில் அதன் வடிவத்தை மாற்றுகிறார்கள். இதற்குத்தான் இசைவாக்க ஒளியியல் என்று பெயர்.

ஆனால் பிள்ளைகளே, எல்லோரும் அந்த ஆடியைத்தான் வியக்கிறார்கள். நான் அதிகம் வியப்பது அளப்பவர்களை. எந்த உயரத்தில், எவ்வளவு குழப்பம், எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரியாமல் ஆடியை எப்படி நெளிப்பது?

எவ்வளவு குழப்பம் என்பதை அளக்க ஒரு எளிய வழி உண்டு. சிறிய தொலைகாட்டியின் வாயை மூடி, மூடியில் இரண்டு ஓட்டை போடுங்கள். ஒரே வெள்ளி இரண்டு புள்ளியாகத் தெரியும்படி செய்யுங்கள். காற்றடித்துத் தொலைகாட்டி ஆடினால் இரண்டு புள்ளியும் சேர்ந்து ஆடும். மேலேயுள்ள காற்று குழப்பினால் ஒவ்வொன்றும் தன்பாட்டில் துடிக்கும். புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரம் மாறுவதை மட்டும் அளந்தால் தொலைகாட்டியின் ஆட்டம் கணக்கிலிருந்து கழிந்துவிடும். பெரிய ஆய்வுகூடங்களும் இந்த முறையைத்தான் வைத்திருக்கின்றன.

உயரத்தை அறிவது கடினம். கலியாண வீட்டுப் பந்தலில் இரண்டு லைட் எரியும்போது சுவருக்கு முன்னால் கையை நீட்டிப் பாருங்கள். கை சுவருக்குக் கிட்ட இருந்தால் இரண்டு நிழலும் ஒட்டி விழும். விலக விலக நிழல்களும் விலகும். வானத்தில் அருகருகே தெரியும் இரட்டை வெள்ளிகள்தான் அந்த இரண்டு லைட், தொலைகாட்டியின் ஆடிதான் சுவர், குழம்பிய காற்றுப் படை, அதாவது காற்றின் அடுக்குத்தான் கை. ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்து அதில் பத்துப் பங்கு இடைவெளியுள்ள இரட்டை என்றால், பத்துக் கிலோமீற்றர் உயரப் படையின் இரு நிழல்களும் ஆடியில் அரை மீற்றர் தள்ளி விழும். ஒரு கிலோமீற்றர் உயரத்துப் படை என்றால் ஐந்து சென்றிமீற்றர்தான். வேர்னின், ரொடியே என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுபதுகளில் தொடங்கி வைத்த முறை இது. நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு விரைவாக நகருகிறது என்று பார்த்தால் அந்தப் படையின் வேகமும் கிடைத்துவிடும்.

வேகம் ஏன் வேண்டும்? அளந்து, கணக்குப் போட்டு, ஆடியை அசைப்பதற்குள் இரண்டு மில்லிசெக்கன் போனால், செக்கனுக்கு 30 மீற்றர் ஓடும் படை ஆறு சென்றிமீற்றர் நகர்ந்திருக்கும். அதை முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும். சிலியில் கட்டப்படும் 39 மீற்றர் தொலைகாட்டிக்கு இது இன்னும் முக்கியம். அதன் நெளியும் ஆடியில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தள்ளிகள் இருக்கும். 90 கிலோமீற்றர் உயரத்துச் சோடியம் படையில் லேசரால் செயற்கை வெள்ளிகளை ஏற்றி, பல திசையிலிருந்து காற்றை அளப்பார்கள். படைகளின் உயரம் தெரியாவிட்டால் அந்த அளவுகளை ஒன்றாகப் பொருத்த முடியாது.

இதனால் என்ன கிடைத்தது என்று ஒரு அம்மா கேட்பது கண்ணில் தெரிகிறது. எங்கள் பால்வெளியின் நடுவில் 16 வருடத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் ஒரு வெள்ளியைப் பின்தொடர முடிந்தது. அது சுற்றுவது கருந்துளையை. அந்த வேலைக்காக கென்சல், கெஸ் என்ற இரண்டு வானியலாளர்களுக்கு 2020 இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இரணைமடுவில் நல்ல இருட்டு இருக்கிறதே, அங்கே பெரிய தொலைகாட்டி வைக்கலாமா என்று ஒரு தம்பி முன்பு கேட்டார். இருட்டு வேறு, அமைதியான காற்று வேறு. பரனாலில் குளிர்ந்த கடல் மேகத்தைக் கீழே பிடித்து வைக்கிறது, மலைக்கு மேலே காற்று வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. எங்களுடையது ஈரம் நிறைந்த தாழ்ந்த நிலம். ஆனால் காற்றை அளக்கப் பழக இந்த இருட்டு போதும்.

அப்புறம், எல்லோரும் வெளியே வாருங்கள். பள்ளிக்கூடத் தொலைகாட்டியின் மூடியில் இரண்டு ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். முதலில் உச்சிக்குக் கிட்ட நிற்கும் சிரியஸைப் பார்ப்போம். பிறகு தெற்கே தாழ்வில் நிற்கும் அகத்தியர் என்ற வெள்ளியைப் பார்ப்போம், அதன் ஒளி ஏறக்குறைய இரண்டு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. எதன் புள்ளிகள் அதிகம் துடிக்கின்றன என்று கொப்பியில் எழுதிக் கொள்ளுங்கள்.