எண் தொடரில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

மார்த்தாண்டத்தில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். "சார், 1, 11, 21, 1211, 111221, அடுத்து என்ன? சாயங்காலம் முழுக்கப் போட்டுப் பார்த்தும் பிடிபடவில்லை. புத்தகத்தில் விடை 312211 என்று மட்டும் இருக்கிறது. எனக்குக் கணக்கே வராதா?"

வரும் மக்களே. அந்த எண்ணத்தை முதலில் விடுங்கள். இந்தத் தொடரில் கூட்டல், பெருக்கல் எதுவும் இல்லை. வாய்விட்டு வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் எண்ணில் இருப்பது ஒரு 1. அதை எழுதினால் 11. அதில் இருப்பது இரண்டு 1, அப்போ 21. அதில் ஒரு 2, ஒரு 1. எழுதினால் 1211. இப்படியே வந்து 111221-ஐ வாசித்தால் மூன்று 1, இரண்டு 2, ஒரு 1. அதுதான் 312211. ஜான் கான்வே என்ற கணித மேதை இதை ஆராய்ந்திருக்கிறார். எவ்வளவு தூரம் நீட்டினாலும் இதில் 4 என்ற இலக்கம் வரவே வராது. அருமையான தொடர்தான். ஆனால் பக்கத்து எண்களுக்கு இடையே வித்தியாசம் எடுத்துப் பழகிய பிள்ளைக்கு ஒரு குறிப்புகூடக் கொடுக்காமல் இதைக் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். 2, 4, 6, 8, அடுத்து? 10 என்பீர்கள். 34 என்றும் காட்டலாம். எத்தனையாவது இடம் என்பதை n என்று வைத்துக்கொண்டு, 2n-உடன் (n-1)(n-2)(n-3)(n-4) என்பதைக் கூட்டுங்கள். முதல் நாலு இடத்திலும் அது பூஜ்யம். ஐந்தாவது இடத்தில் 4×3×2×1, அதாவது 24. பத்தும் இருபத்துநாலும் 34. இந்த வழியில் எந்த எண்ணை வேண்டுமானாலும் விடையாக்கிவிடலாம். அதனால் கேட்பவர் மனதில் இருப்பது எளிய விதியாக இருந்தால்தான் அது நியாயமான கேள்வி. இல்லாவிட்டால் அவர் நினைத்ததை நாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அதில் தோற்றால் உங்கள் மூளையைக் குறை சொல்லாதீர்கள்.

சரி, பரீட்சைக்கு வருவோம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-ல் 200 கேள்விக்கு 3 மணி நேரம், ஒன்றுக்கு 54 விநாடிதான். வித்தியாசம், வித்தியாசத்தின் வித்தியாசம், ஒன்றுவிட்டு ஒன்று, வர்க்கம், கனம், பகா எண். இவற்றைப் பாருங்கள். பிடிபடவில்லையா, அடுத்த கேள்விக்குப் போங்கள்.

வீட்டில் இருக்கும்போது முட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். நீல் ஸ்லோன் என்ற கணித அறிஞர் 1964-ல் சேகரிக்க ஆரம்பித்த எண் தொடர்கள் எல்லாம் இப்போது இணையத்தில் OEIS என்ற தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அங்கே எண்களைக் காற்புள்ளி போட்டுத் தட்டினால் விதியோடு வரும். அப்புறம் அந்த விதியை வைத்து அடுத்த இரண்டு எண்ணை நீங்களே எழுதிப் பாருங்கள்.