ஏழு வீட்டைப் பார்த்தால் போதுமா?

பின்வரிசைக்குக் கேட்கிறதா? சரி. சான் பிரான்சிஸ்கோ போய் வந்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். அலமோ சதுக்கப் பூங்காவின் புல்சரிவில் நின்று, ஸ்டெய்னர் தெருவின் அந்த ஏழு வண்ண வீடுகளையும் பின்னால் தெரியும் உயரக் கட்டடங்களையும் சேர்த்துப் படம் எடுத்திருப்பீர்கள், எடுத்த கையோடு அடுத்த இடத்துக்குக் கார் பிடித்திருப்பீர்கள். என் ஆதங்கமே அதுதான்.

அந்த வரிசையை மேத்யூ கவனா என்பவர் 1892க்கும் 1896க்கும் இடையில் கட்டினார், ஓரத்து வீட்டில் அவரே குடியிருந்தார். எல்லாம் மர வீடுகள். 1906இல் நிலநடுக்கம் வந்து ஊர் பற்றி எரிந்தபோது வேன் நெஸ் சாலையோரக் கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்துத் தீயை மறித்தார்கள். பூங்கா அதற்கு மேற்கே இருந்ததால் இவை தப்பின. கொடுமை என்னவென்றால், தீக்குத் தப்பிய அந்த வட்டாரத்தில் எத்தனையோ பழைய வீடுகள் 1950, 60களில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் புல்டோசருக்குப் பலியாகின. நாம் வாயைப் பிளக்கும் வண்ணங்களும் பழசு இல்லை, அந்தப் பாணி பரவியதே 1960களில்தான்.

அதனால் படம் எடுத்தது போதும், மேடேறுங்கள். பூங்காவின் எதிர்மூலையில், ஃபுல்டன் தெருவும் ஸ்காட் தெருவும் சேருமிடத்தில், கோபுரம் வைத்த வெஸ்டர்ஃபெல்டு வீடு நிற்கிறது. 1889இல் மிட்டாய் வியாபாரி ஒருவருக்காகக் கட்டியது. ஏழு வீட்டையும் சேர்த்து இது ஒன்றுக்கு ஈடாகாது என்பேன், சண்டைக்கு வராதீர்கள்! வழியில் முகப்புகளை நெருங்கிப் பாருங்கள்: மீன் செதில்போல் வெட்டி அடுக்கிய மரச்சில்லுகள், தெருப்பக்கம் துருத்தி நிற்கும் ஜன்னல்கள். தெரு சரிய சரியக் கூரைகளும் ஒவ்வொன்றாய் இறங்குகின்றன.

இந்தக் கண்ணோடு சிங்கப்பூரில் நம் எமரால்ட் ஹில்லிலும் ஒருநாள் நடங்கள். ஆர்ச்சர்ட் ரோடு நெரிசலிலிருந்து திரும்பினால் அதே மாதிரி மேடு, செதுக்கு வேலை செய்த அரைக்கதவுகள். 1989இல் அதைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள், லிட்டில் இந்தியாவை, அதாவது நம் தேக்காவையும் அப்போதுதான்.

இரண்டு ஊரிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், படியேறி நின்று படம் எடுக்க வேண்டாம். அப்புறம் ஒன்று, ஸ்டெய்னர் தெரு வீடுகள் மேற்கே பார்த்தவை, வெயில் முகப்பில் விழுவது பிற்பகலில்தான். ஸ்வெட்டர் கட்டாயம், மேட்டில் அடிக்கும் காற்று நம் உடம்புக்குத் தாங்காது.