தண்ணீர் குடிக்காத பிள்ளை

(பெரம்பூரில் நடந்த வேட்பாளர் அறிமுகக் கூட்டத்தில், சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கும் ஒரு டீச்சர் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் முன்னாள் மாமன்ற உறுப்பினர் அண்ணன் அவர்களே, மண்டபத்துக்கு வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மின்விசிறிக்கு மட்டும் தனியாகக் காசு வாங்கிக்கொண்ட உரிமையாளர் ஐயா அவர்களே, பேச்சு முடியும் முன்பே டீ அனுப்பிவைத்த முனைக்கடைத் தம்பி அவர்களே, என் வேட்புமனுவை முன்மொழிந்து கையெழுத்துப் போட்ட பத்துப் பேரே, எல்லாருக்கும் வணக்கம். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்தில் ஏழு பேர் என்னிடம் வாய்ப்பாடு தப்பாகச் சொல்லிக் கொட்டு வாங்கியவர்கள். பழைய கணக்கைத் தீர்க்காமல் கையெழுத்துப் போட்டதற்கு நன்றி.

யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். தையற்கடை அக்காவை விட்டுவிட்டேன், அதோ முறைக்கிறார். அக்காவுக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேசுவதாகத் துண்டுச்சீட்டில் எழுதி வந்திருக்கிறேன். ஒன்று, ஆசிரியர்களுக்குச் சட்டமன்றத்தில் என்ன வேலை. இரண்டு, பாடம் நடத்த வேண்டியவர்களுக்கு வீடு வீடாகக் கணக்கெடுக்கும் வேலை ஏன். மூன்று, பள்ளிக் கழிப்பறை. பத்து மணிக்கு மைக்கை அணைத்தாக வேண்டும் என்பதால் சீக்கிரம் சொல்கிறேன்.

முதல் விஷயம். நம் மாநிலத்தில் சட்டமன்றத்துக்கு இரண்டாவது அவையாக மேலவை என்று ஒன்று இருந்தது. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடம், ஆசிரியர்கள் மட்டுமே ஓட்டுப் போடும் ஆசிரியர் தொகுதிகளுக்கு. 1986இல் மேலவையையே எடுத்துவிட்டார்கள். 2010இல் திரும்பக் கொண்டுவரச் சட்டம் போட்டும் அது வரவில்லை. எங்கள் சங்கத்து நண்பர்கள் இதைப் பற்றி இன்றும் பெருமூச்சு விடுவார்கள். நான் விடமாட்டேன். ஏனென்றால், உயர்நிலைப் பள்ளிக்குக் கீழே பாடம் நடத்துகிறவர்களுக்கு அந்தத் தேர்தலில் ஓட்டே கிடையாது. ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்த என்னைப் போன்றவளுக்கு அங்கே எந்தக் காலத்திலும் இடம் இருந்ததில்லை. ஆக, எல்லாரும் போகிற வழியில்தான் நானும் போக வேண்டும். போனவர்கள் இல்லாமலா? பேராசிரியர் அன்பழகன் பச்சையப்பன் கல்லூரியில் பாடம் சொன்னவர், 1957இல் எழும்பூரில் நின்று ஜெயித்தார். திரு.வி.க. வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். தேர்தல் வழியில் போகவில்லை, நம் பெரம்பூருக்கு வந்தார். 1918இல் இங்கே பி அண்டு சி துணி மில் தொழிலாளர்களுக்காகச் சங்கம் தொடங்கியபோது கூடவே நின்றார். கரும்பலகையை விட்டு இறங்கி வந்தவர்கள் ஊருக்குக் கெடுதல் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. சரி, இது போதும்.

எங்கள் அம்மா ஒரு பழமொழி சொல்வார்: "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்." எனக்கு இதில் பாதிதான் சம்மதம். அழத் தெரியாத பிள்ளை என்ன செய்யும்?

என் வகுப்பில் ஒரு பெண், ஐந்தாவது படித்தாள். சத்தமே வராது. ஒருநாள் அவள் அம்மா வாசலில் நின்று, "டீச்சர், பாட்டில்ல குடுத்து அனுப்புற தண்ணி அப்படியே திரும்பி வருது" என்றார். நான் பிள்ளையைத்தான் திட்டினேன். சித்திரை வெயில், தகரக் கூரை, தண்ணீர் குடிக்காமல் என்ன பிடிவாதம் என்று. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்துப் பெண்தான் சொன்னாள்: "மிஸ், அவளுக்குக் கதவு புடிக்கிற பிள்ள ஒரு வாரமா லீவு."

எனக்குப் புரியவில்லை. போய்ப் பார்த்தேன். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டை. உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளே ஜோடி பிரித்து வைத்திருக்கிறார்கள், நாங்கள் கணக்கு வகுப்பில் பிரிக்கிற மாதிரி. ஜோடி வராத நாளில் தண்ணீர் குடிப்பதில்லை. இருபது வருஷம் அந்தக் கதவைத் தாண்டித்தான் நான் போய் வந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. ஆசிரியைகளின் அறைக்குத் தாழ்ப்பாள் இருந்தது.

எழுதினேன். மேலிடத்திலிருந்து பதில் வந்தது: தாழ்ப்பாளின் அளவு என்ன, மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி இணைக்கவும். இணைத்தேன். அடுத்த பதில்: செலவுக் கணக்கில் கட்டடத்துக்கு ஒரு தலைப்பு, பராமரிப்புக்கு வேறு தலைப்பு, தாங்கள் எந்தத் தலைப்பில் கேட்கிறீர்கள்? அம்மா, நான் தமிழ்ப் பாடத்தில்தான் தலைப்புக் கொடுத்துப் பழகியவள்! ஆடி போய் ஆவணி வந்தது. நானே வாங்கி மாட்டியிருக்கலாம், எழுபது எண்பது ரூபாய்தான். மாட்டியிருந்தால் கேட்பதை நிறுத்தியிருப்பேன், அடுத்த பள்ளிக்கும் இதே கதைதான். இப்படி வீம்பாக நான் இருந்தபோது, தண்ணீர் குடிக்காமல் இருந்தது பிள்ளைகள். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு சனிக்கிழமை அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர். கையில் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள். ஏதோ பழைய வீட்டை இடித்தபோது சவாரிக் கூலியோடு கேட்டு வாங்கினாராம். அரண்மனை வாசலுக்குப் போடுகிற கனம். அந்தத் தகரக் கதவுக்கு அதை மாட்டியதும் கதவே ஒரு பக்கம் சாய்ந்தது. அப்புறம் கீலையும் அவரே மாற்றினார். திங்கட்கிழமை பிள்ளைகள் வரிசையில் நின்று தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்தார்கள், 'டங்' என்று சத்தம் கேட்பதற்காக. மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது: "ஆய்வு செய்யப்பட்டது. தாழ்ப்பாளில் குறை ஏதும் காணப்படவில்லை."

(சிரிப்பு)

சிரியுங்கள். ஆனால் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பையன்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. 2012இல் உச்ச நீதிமன்றம் எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்தில் அமையுங்கள் என்றது. படிவத்தில் கட்டம் இருக்கிறது, 'உண்டு' என்று எழுதினோம். நானும் எழுதியிருக்கிறேன். கதவு மூடுமா, கழுவ ஆள் வருவாரா என்று நான் நிரப்பிய படிவத்தில் யாரும் கேட்கவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்றால், அந்தக் கட்டத்துக்குள் அழுவது யார்?

"தாழ்ப்பாளுக்கு கவுன்சிலரைப் பாருங்கள், சட்டமன்றம் எதற்கு" என்று போன வாரம் ஓட்டேரியில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. தாழ்ப்பாள் கவுன்சிலர் வேலைதான். ஆனால் தினமும் கழுவுகிறவருக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் என்று பள்ளிக்கல்விக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை அவைக்கு வரும்போது எழுந்து கேட்க ஓர் ஆள் வேண்டும். 234 பேரில் ஒருவராவது வருஷத்துக்கு ஒருமுறை அதை மட்டும் கேட்கட்டும். பாலம், மெட்ரோ எல்லாம் மற்றவர்கள் கேட்பார்கள், அவர்களுக்கு நல்ல குரல் இருக்கிறது.

தலைவர் சீட்டு அனுப்புகிறார். இரண்டாவது விஷயம் அப்படியே நிற்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தில் 27ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்பது... சரி, இன்னொரு நாள்.

பத்தாயிரம் ரூபாய் டெபாசிட் கட்டியிருக்கிறேன். செல்லும் ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் போய்விடும். பின்னக் கணக்கு உங்களுக்கு நானே சொல்லிக்கொடுத்தது, மறந்திருக்காது.

சின்னம் இன்னும் ஒதுக்கவில்லை. வேட்புமனுவில் மூன்று சின்னம் வரிசையாக எழுதித் தர வேண்டும். டீச்சர் என்றால் கரும்பலகைதானே கேட்பீர்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். அதை இரண்டாவதாக எழுதினேன். பட்டியலில் தாழ்ப்பாள் இல்லை. கதவுக் கைப்பிடி இருந்தது.