இமை சரிந்தால் நெஞ்சை ஏன் ஸ்கேன் எடுக்கிறார்கள்?

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பாகூர், பண்ருட்டி பக்கம் வயலில் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்: நல்ல பாம்பு கடித்தால் இமை தானாகச் சரியும், பேச்சு குழறும். நரம்பு இடும் கட்டளையைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை அந்த நஞ்சு அடைத்துவிடுகிறது. பாம்பே கடிக்காமல் அதே இடம் பழுதாகும் நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். இதில் தாக்குவது நம் உடம்பே தயாரிக்கும் எதிர்ப்பொருள்கள்.

காலையில் நன்றாக இருப்பார்கள். பொழுது சாயச் சாய இமை தொங்கும், ஒரு பொருள் இரண்டாகத் தெரியும், பாதிச் சாப்பாட்டில் தாடை ஓய்ந்துவிடும். கொஞ்சம் ஓய்வெடுத்தால் தேவலை. இதைச் சோம்பல் என்றும், மனக்கவலை என்றும் சொல்லி மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் எனக்கு வேதனை.

அப்புறம் நரம்பியல் மருத்துவர் நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் எழுதுவார். "கண்ணுக்கு வந்ததுக்கு நெஞ்சை எதுக்கு சார் பார்க்கணும்?" நியாயமான கேள்வி.

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சுரப்பி இருக்கிறது. பருவ வயதுக்குப் பிறகு சுருங்கிக் கொழுப்பாகிவிடும். இது எதற்கு என்றே நெடுங்காலம் தெரியவில்லை. நோய் எதிர்ப்புக்கு இது தேவை என்று 1961இல் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர் காட்டினார். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி அணுக்கள் இங்கேதான் பக்குவப்படுகின்றன. சொந்த உடம்பையே தாக்கக்கூடியவை பெரும்பாலும் இங்கேயே கழிக்கப்படுகின்றன. இந்த நோயாளிகள் பலருக்கு அந்தச் சுரப்பி சுருங்காமல் பெருத்திருக்கும். சுமார் 10 முதல் 15 சதவீதம் பேருக்குத் தைமோமா என்ற கட்டியே இருக்கும். தைமஸுக்குள் தசையை ஒத்த சில அணுக்களும் உண்டு. தசையில் தாக்கப்படும் அதே ஏற்பி, அதாவது நரம்பின் கட்டளையை வாங்கிக்கொள்ளும் இடம், அவற்றிலும் இருக்கிறது. குழப்பம் அங்கே தொடங்கலாம் என்று கருதுவதற்கு அது ஒரு காரணம்.

கட்டி இருந்தால் பொதுவாக எடுத்துவிட வேண்டும். கட்டி இல்லாதவர்களுக்கு? 126 பேரிடம் நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. சுரப்பியை அகற்றியவர்களுக்கு 3 ஆண்டுகளில் பலவீனமும் குறைந்தது, ஸ்டீராய்டு தேவையும் குறைந்தது. ஆனால் மறுநாளே பலன் தெரியாது. மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும். மஸ்க் என்ற வேறு வகை எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு இந்த அறுவையை வழக்கமாகப் பரிந்துரைப்பதில்லை. அதனால் ரத்தப் பரிசோதனை முக்கியம்.

இந்த நோய் உள்ளவர்கள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி ஆன்டிபயாட்டிக் சாப்பிட வேண்டாம். சில வகைகள் பலவீனத்தைக் கூட்டும். மூச்சு வாங்கினாலோ விழுங்க முடியாமல் போனாலோ விடியட்டும் என்று காத்திராமல், அந்த இரவே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.