ரம்மி: ஜமக்காளத்திலிருந்து கைப்பேசிக்கு

[திரையில்: ஜமக்காளத்தின் மேல் பிரித்துப் போட்ட ரெண்டு சீட்டுக்கட்டு]

வணக்கம். கல்யாண மண்டபத்துல, முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி, மாமா சித்தப்பாங்க எல்லாம் வட்டமா உட்கார்ந்து ஆளுக்கு 13 சீட்டு போட்டு ஆடுவாங்களே, அந்த ரம்மியோட கதைதான் இன்னைக்கு.

ரம்மி நம்ம ஊர்ல பிறக்கலை. மெக்சிகோவுல 19ஆம் நூற்றாண்டுல ஆடின 'கான்கியன்'தான் இதுக்கு மூத்ததுன்னு பலரும் சொல்றாங்க. ரெண்டே பேர், 40 சீட்டு. சீன ஆட்டங்கள்ல வேர் தேடுறவங்களும் உண்டு. 1909ல நியூயார்க்குல எல்வுட் பேக்கர் 'ஜின் ரம்மி'யை உருவாக்கினார்.

[திரையில்: கிளாவர் 6, 7, 8]

நம்ம ஆட்டத்துல, எந்தச் சீட்டுக்கும் பதிலா நிக்கிற ஜோக்கர் கலக்காம, இப்படி ஒரே இனத்துல அடுத்தடுத்து வர்ற ஒரு வரிசை கண்டிப்பா வேணும். அதுக்குப் பேரு ஒரிஜினல் ரம்மி. அது சேராம இருக்கும்போது எதிராளி டிக் அடிச்சுட்டா, அதாவது முதல்ல ஆட்டத்தை முடிச்சுட்டா, கையில இருக்கிற அத்தனை சீட்டுக்கும் பாயிண்ட் ஏறும். எதிராளி கிளாவர் 7ஐ எடுத்தாரா? அப்போ நம்ம கிளாவர் 8ஐ கீழே போடக் கூடாது. இந்தக் கணக்குதான் ஆட்டமே.

உச்ச நீதிமன்றமும் இதைத்தான் பார்த்துச்சு. செகந்திராபாத் கிளப் ஒண்ணுல காசு வெச்சு ஆடினாங்கன்னு வந்த வழக்கு அது. 1968 தீர்ப்புன்னு சொல்வாங்க. விழுந்த சீட்டை ஞாபகம் வெச்சுக்கணும், எதை வைக்கணும் எதை விடணும்னு தெரியணும். அதனால ரம்மி மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்லை, பெரும்பாலும் திறமைதான்னு சொன்னாங்க.

ஆன்லைன் கம்பெனிகள் இந்த வரியைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. அதே தீர்ப்புல இன்னொண்ணும் இருக்கு: ஆட இடம் கொடுக்கிறவர் ஆட்டத்துலருந்து லாபம் பார்த்தா அது குற்றமாகலாம். சீட்டுக்கட்டுக்கு வாங்குற சின்னக் கட்டணம் வேற, லாபம் வேற. எனக்கு இந்த வரிதான் பெரிசாத் தெரியுது.

மண்டபத்துல நீங்க தோத்த காசு ஜெயிச்ச மாமா பாக்கெட்டுக்குப் போகும். விடிஞ்சா மேளச் சத்தம் கேட்டு எல்லாரும் எழுந்துடுவாங்க. கைப்பேசியில விடியிறதே இல்லை. யார் ஜெயிச்சாலும் கம்பெனி தன் பங்கை எடுத்துடும். ஆன்லைன் ரம்மியில கடனாகி உயிரை விட்டவங்க செய்தி தமிழ்நாட்டுல அடுத்தடுத்து வந்துச்சு. படிக்கும்போதெல்லாம் மனசு பதறும்.

[திரையில்: சென்னை உயர் நீதிமன்றம்]

2021ல தமிழ்நாடு கொண்டுவந்த தடைச் சட்டத்தை உயர் நீதிமன்றம் அதே வருஷம் ஆகஸ்ட்ல ரத்து பண்ணுச்சு. ஆன்லைன் ஆட்டங்களைப் பத்தி ஆராய அரசு அமைச்ச முன்னாள் நீதிபதி சந்துரு குழுவோட அறிக்கைக்குப் பிறகு 2023ல புதுச் சட்டம். சட்டம் செல்லும், ஆனா ரம்மிக்கும் போக்கருக்கும் போட்ட தடை செல்லாதுன்னு அந்த நவம்பர்ல தீர்ப்பு. மறுபடியும் 'திறமை'தான் காப்பாத்துச்சு. 2025 பிப்ரவரியில தமிழ்நாடு அரசு விதி போட்டுச்சு: ஆன்லைன்ல காசு கட்டி நள்ளிரவு 12லருந்து காலை 5 வரைக்கும் ஆடக் கூடாது.

அதே 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் நிறைவேத்தின சட்டம், திறமையா அதிர்ஷ்டமாங்கிற கேள்வியையே எடுத்துடுச்சு. காசு கட்டி, காசு எதிர்பார்த்து ஆன்லைன்ல ஆடுற எந்த ஆட்டத்தையும் நடத்தக் கூடாது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. ஜமக்காளத்துல ஆடுற ரம்மி அந்தச் சட்டத்துல வராது.