வேரில் சிக்கிய நூல்

நேயர்களுக்கு வணக்கம்.

போன தை மாதம் குடும்பத்தோடு பிச்சாவரம் போயிருந்தேன். துடுப்புப் படகு குறுகலான வாய்க்காலுக்குள் நுழைந்ததும் தலைக்கு மேல் சுரபுன்னைக் கிளைகள் கூடிக்கொண்டன. ஓர் இடத்தில் படகுக்காரர் துடுப்பை நிறுத்தி ஒரு வேரைக் காட்டினார். சாம்பார் பொட்டலம் கட்டுகிற வெள்ளை நூல் அதில் சுற்றிக் கிடந்தது. விரல்நகம் அளவுள்ள நண்டு ஒன்று அந்த நூலில் கால் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தது. "இத எடுக்கறதே ஒரு வேலையாப் போச்சுங்க" என்றபடி குனிந்து நூலை அறுத்து, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

யாரோ படகில் இட்லி சாப்பிட்டிருக்கிறார். நூல்தானே என்று விட்டிருப்பார்.

தண்ணீரில் போட்டால் கடலுக்குப் போய்விடும் என்று நமக்கு ஒரு நினைப்பு. பிச்சாவரம், வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இரண்டின் முகத்துவாரங்களுக்கும் நடுவில் உள்ள காடு. ஒரு நாளில் இரண்டு முறை ஓதம் ஏறும், இரண்டு முறை வடியும். வடியும்போது வெளியே போன பை, ஏறும்போது திரும்பி வரும். வேர்கள் சல்லடை மாதிரி பிடித்துக்கொள்ளும். வெண்கண்டல் மரத்தடியில் சேற்றைத் துளைத்துக்கொண்டு பென்சில் பென்சிலாக நிற்பவை அதன் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் அந்தக் குச்சிகளின் நுண்துளை வழியாகத்தான் மரம் மூச்சு வாங்குகிறது. அதன்மேல் பிளாஸ்டிக் பை போர்த்திக்கொண்டால் மூக்கைப் பொத்தியது போல. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற காடு இது.

கடலில் படகு விடுவோருக்கு உலக அளவில் ஒரு சட்டம் இருக்கிறது. கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் மார்ப்பால் உடன்படிக்கையில் குப்பை பற்றிய ஐந்தாம் இணைப்பு, 1988 டிசம்பர் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. பெரிய சரக்குக் கப்பலுக்கு மட்டுமில்லை, உல்லாசப் படகுக்கும் அது பொருந்தும். பிளாஸ்டிக்கைக் கடலில் எங்கேயும் போடக்கூடாது. எரித்த சாம்பலையும் கொட்டக்கூடாது. மிச்சமான சோற்றைக்கூடக் கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தாண்டித்தான் போடலாம். 25 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கும் அளவுக்கு அரைத்திருந்தால் 3 கடல் மைலுக்கு அப்பால் போடலாம். நாம் போகிற சவாரியோ கரை கண்ணில் தெரியும்போதே திரும்பிவிடும். அப்படியென்றால் நமக்கு ஒரே விதிதான்: எதையும் தண்ணீரில் போடக்கூடாது.

ஆரஞ்சுத் தோலுமா என்று கேட்பீர்கள். ஆமாம், தோலும்தான். மட்கிப் போகிற பொருள்தானே என்று ஒரு படகு போட்டால், பின்னால் வருகிற பத்துப் படகும் போடும். ஓட்டம் குறைந்த வாய்க்காலில் அவ்வளவும் அங்கேயே கிடந்து அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கிற பிராணவாயுவைத் தின்றுவிடும். மீன்குஞ்சு வளர்கிற இடம் அது.

தூண்டில் போடுகிறவர்களுக்குக் கெஞ்சிக் கேட்கிறேன். அறுந்த நைலான் நரம்பைச் சுருட்டி டப்பாவில் போட்டு மூடிக் கொண்டுவாருங்கள். இதுதான் பறவைகளின் காலை அறுக்கிறது. மோட்டார் படகு வைத்திருப்பவர்களே, அடியில் தேங்குகிற எண்ணெய்த் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றாதீர்கள். பழந்துணியால் ஒற்றி எடுங்கள். சிந்திய டீசல் மேல் சோப்புத்தூள் போட்டால் படலம் கண்ணுக்கு மறையும், எண்ணெய் தண்ணீரோடு கலந்து கீழே போகும். மீனுக்கு அது இன்னும் கெடுதல்.

கைக்குழந்தையோடு வருகிறவர்கள் டயப்பருக்கென்று மூடி போட்ட ஒரு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். காற்று அடிக்கிற படகில் திறந்த பை நிற்காது. யாரும் போடாமலே பறந்து விழுகிற குப்பையும் உண்டு. மஞ்சப்பையாக இருந்தாலும் வாயைக் கட்டி இருக்கைக் காலில் முடிச்சுப் போடுங்கள்.

அந்த நண்டைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டில் படகுச் சவாரிக்குப் பொட்டலம் வாங்குவதில்லை. எவர்சில்வர் தூக்கில் புளியோதரை, கிளம்பும் முன்பே கரையில் உட்கார்ந்து சாப்பாடு. படகில் ஏறும்போது கையில் தண்ணீர்ச் செம்பு மட்டும்தான் இருக்கும்.

வணக்கம்.